வால்பாறைக்குக் குடிவருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாற்றல் ஆர்டரோடு மலையேறும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், எஸ்டேட் ஆபீஸில் சேரும் இளைஞர் என்று ஒரு வருஷமாவது இங்கே அடுப்பு மூட்டப்போகிறவர்களுக்காக எழுதியது இது. இரண்டு நாள் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. வால்பாறை மேடு ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை. அதைச் சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். கடலுக்குப் பதிலாகக் காடு சூழ்ந்த தீவு என்று வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

எந்த மாதம் சாமான்களை ஏற்றுவது நல்லது?

பள்ளி மாற்றல் மே, ஜூனில் வரும். மழையும் சரியாக அப்போதுதான் வரும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால் செப்டம்பர் வரை நிற்காது, அதிலும் ஜூலை, ஆகஸ்ட் கடுமை. இந்த மேட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர் மழை. கோயமுத்தூரில் பெய்வதைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக்கல்லாறு பக்கம் இதைவிடக் கூடுதல். ஆகவே ஆர்டர் கையில் வந்ததும், சேரும் தேதி தள்ளி இருந்தாலும், சாமானை மட்டும் மே மாதத்துக்குள் ஏற்றிவிடுங்கள்.

பெரிய கண்டெய்னர் லாரி பேசாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பத் திணறும், எஸ்டேட் ரோட்டில் நுழையவே நுழையாது. டாடா 407 மாதிரி சின்ன லாரியோ, சாமான் குறைவென்றால் டாடா ஏஸோ போதும். மெத்தையைத் தார்ப்பாயில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த கட்டில், டிவி ஸ்டாண்டு, அலமாரி எதையும் மேலே கொண்டுவர வேண்டாம். முதல் மழைக்காலத்திலேயே ஓரம் ஊதி, ஆணி பிடிக்காமல் போய்விடும். இரும்பு பீரோ, இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி தாங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ரோடு எப்படி? வண்டி ஓட்டலாமா?

64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வாந்தி வருகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். ஆழியாறில் போட்டால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் அட்டகட்டி வந்துவிடும். முன் சீட்டு, வெறும் வயிறும் வேண்டாம் நிறைந்த வயிறும் வேண்டாம், போனைப் பார்க்காதீர்கள்.

சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள் ஏறும்போது சிரமப்படுவதில்லை, இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி மலையில் கருகின வாடை வரும். அப்புறம் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வண்டியின் வேகத்தை என்ஜினே பிடிக்கட்டும். கியரை நியூட்ரலில் விட்டு இறங்கி மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்குக்கூடக் காணாது. கருகல் வாடை வந்துவிட்டால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விடும். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். பஸ் திரும்பும் வளைவில் மூக்கை நீட்டி நின்றால் இரண்டு பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கவர்க்கல் பகுதியில் மூடுபனி இறங்கினால் பகலிலும் பத்தடிக்கு மேல் தெரியாது. ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், மஞ்சள் விளக்கு இருந்தால் அது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஹார்ன் சத்தம் கேட்டபடி வாருங்கள். இருட்டுவதற்குள் வீடு சேரும்படி கிளம்புவது இங்கே பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். ரோடு மட்டுமல்ல, ரோட்டில் நிற்பவையும் காரணம்.

இ-பாஸ் எங்களுக்கும் வேண்டுமா?

2025 நவம்பர் 1 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஆழியாறிலும் கேரள எல்லையான மளுக்கப்பாறை பக்கமும் பார்க்கிறார்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. குடிவந்த பிறகு உள்ளூர் முகவரியைக் காட்டி உங்கள் வண்டியை உள்ளூர் வண்டியாகப் பதிந்துகொண்டால் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை இருந்தால் செக்போஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதில் உள்ளூர் வெளியூர் பேதமில்லை.

வாடகை வீடு எப்படிப் பார்ப்பது?

நிலத்தில் மிகப்பெரும்பகுதி எஸ்டேட்டுகளிடம் இருப்பதால் டவுனிலும் அதை ஒட்டிய சில இடங்களிலும்தான் தனியார் வாடகை வீடு. எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் வேலையோடு சேர்ந்தவை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் லைன்களைப் பார்த்துவிட்டு வாடகைக்குக் கேட்பவர்கள் உண்டு. 2001 கணக்கெடுப்பில் 95 ஆயிரம் பேர் இருந்த ஊர் 2011-இல் 71 ஆயிரத்துக்கு வந்துவிட்டது, அதனால்தான் அத்தனை காலி. காலியாக இருப்பதாலேயே அவை வாடகைக்குக் கிடைத்துவிடாது.

வீட்டை மழை நாளில் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். முதலில் வீட்டுக்குப் பின்னால் போங்கள். மண்ணை வெட்டி எடுத்த சரிவு சுவரை ஒட்டி நிற்கிறதா? தாங்குசுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் உண்டா, அவற்றில் தண்ணீர் வடிகிறதா? ஓட்டை இருந்தும் அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கித் தள்ளும், சரிவு விழுவது அப்படித்தான். மேலே மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும், தரையில் புதிதாக வெடிப்பு ஓடியிருந்தாலும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலும் அந்த வீடு வேண்டாம். குடிவந்த பின் இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கு இரவு அங்கே படுக்காதீர்கள்.

பிறகு மேற்குச் சுவர். மழை அங்கிருந்துதான் அடிக்கும். படுக்கை அறை அந்தப் பக்கம் இருந்தால் சுவர் ஆறு மாதம் ஈரமாகவே இருக்கும். தகரக் கூரை ஒழுகாது, ஆனால் ஆகஸ்ட் ராத்திரி பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஓட்டு வீடு என்றால் குரங்கு ஓடு நகர்த்தும், மாற்று ஓடு நாலைந்து கேட்டு வாங்கி வையுங்கள். கழிப்பறை வீட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். வெளியே தனியாக இருக்கும் வீட்டை, வாடகை பாதியானாலும், குழந்தை உள்ளவர்கள் எடுக்க வேண்டாம்.

துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கிறதாமே?

பிடிக்கும். ஜூன் பிறந்தால் துணி காய மூன்று நாள் ஆகும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து பீரோவில் வைத்தால் ஒரு வாரத்தில் கறுப்புப் புள்ளி, அது போகவே போகாது. பள்ளிச் சீருடை இரண்டு செட் பத்தாது, நான்கு வேண்டும். கம்பளியைவிட சீக்கிரம் காயும் சிந்தெடிக் ஸ்வெட்டர் இங்கே உசத்தி.

பீரோவின் அடித்தட்டில் 25 அல்லது 40 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டி, மழைக்காலத்தில் தினமும் சில மணி நேரம் எரியவிடுவார்கள். துணி பல்புக்கு ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு மாட்டிப் பிரயோசனமில்லை, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. சர்டிஃபிகேட், பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். நீலக் குருணை இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் பழையபடி ஆகும். தோல் செருப்பு, பெல்ட் வேண்டாம். பட்டுச் சேலைகளை ஊரிலேயே அம்மா வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வாருங்கள்.

மாவு புளிக்க மாட்டேன் என்கிறது, பருப்பும் வேகவில்லை. என்ன செய்வது?

ஊர் சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைத்தால் கேஸ்தான் செலவு. அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் சமவெளியில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட்டுங்கள். அரிசிம்பருப்பு சாதத்துக்கும் அதே கணக்கு.

மாவுக்குக் குளிர்தான் எதிரி. கோபியிலோ ஈரோட்டிலோ ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பொங்கி வழிகிற மாவு, இங்கே டிசம்பரில் அசையாமல் கிடக்கும். கடைசி இரண்டு கை தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி ஆட்டுங்கள். உளுந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்க்கலாம். உப்பு அதிகமானால் புளிப்பு தாமதமாகும் என்பதால் பாதி உப்பு ஆட்டும்போது, மீதி காலையில். மாவுப் பாத்திரத்தை, வெந்நீர் ஊற்றிய பெரிய அண்டாவுக்குள் இறக்கி மூடி, மேலே பழைய கம்பளி போர்த்துங்கள். பதினாறு மணி நேரம் ஆகும், ஆகவே காலை இட்லிக்கு முந்தின நாள் மதியமே ஆட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க வைத்தும் பொங்காவிட்டால் சோடா மாவு போட்டு ஏமாற்றாமல் தோசை ஊற்றிவிடுங்கள்.

மளிகை, கேஸ், கரண்ட், போன்?

காய்கறி கீழே இருந்து வரவேண்டும், அந்த வண்டிக் கூலி விலையில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் விடுமுறை என்பதால் டவுன் நிறைந்துவிடும். ஏ.டி.எம். வரிசையைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பவுடர், மாத்திரை கையிருப்பு வேண்டும். மரம் விழுந்தோ மண் சரிந்தோ ரோடு அடைபட்டால் பெரும்பாலும் ஒரு நாளில் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கேஸ் இணைப்பை இரட்டை சிலிண்டராக மாற்றிக்கொண்டு வாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை நம்பாதீர்கள். காற்றுக்கு மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் மணிக்கணக்கில் வராது, வீட்டு இன்வெர்ட்டர் இண்டக்‌ஷனைத் தாங்காது. குழாய்த் தண்ணீர் ஓடையிலிருந்து வருவது, மழைக்குக் கலங்கும். ஒரு ராத்திரி தெளியவைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

போன் டவர் டவுனில் பரவாயில்லை. எஸ்டேட் உள்ளே போனால் வளைவுக்கு வளைவு மாறும். சிம் வாங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் எதை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு கம்பெனிக்காரருக்கே தெரியாது. டவர் போனால் ஜிபேயும் போகும், கையில் சில்லறை இருக்கட்டும்.

யானை வீட்டுப் பக்கம் வருமா?

வரும். பகலில் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சோலைக்காட்டுத் துண்டுகளிலும் நடுஆறு, சோலையாறு ஓரத்து மரங்களுக்குள்ளும் நிற்கும், இருட்டினால் தேயிலைக்குள் இறங்கி நடக்கும். வருஷக் கடைசியிலும் தை, மாசியிலும் நடமாட்டம் கூடுதல். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், சமையல்கட்டு மூன்றும்தான் அதிகமாக உடைபடும். காரணம் அரிசி, பருப்பு, உப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரிசி மூட்டையின் வாசம் அதற்கு நன்றாகத் தெரியும். மூட்டையாக வைக்காதீர்கள். இறுக மூடும் டிரம்மில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாமல் வீட்டின் நடுவே வையுங்கள். வாசலில் வாழை, பலா நட வேண்டாம். இருந்தால் பழுக்கும் முன் வெட்டிவிடுங்கள். அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இந்த மேட்டில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போய்விட்டவர்கள். அதனால்தான் முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து கொண்டுவந்தது. கேபிள் டிவியில் கீழே ஓடும் வரி, 2011 முதல் போனுக்கு வரும் குறுஞ்செய்தி, முக்கியமான முக்குகளில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு. பதிவு செய்த போனிலிருந்து கூப்பிட்டால் விளக்கு எரியும், யானை போனபின் அணைப்பார்கள். குடிவந்த முதல் வாரத்திலேயே உங்கள் எண்ணைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். பக்கத்து எஸ்டேட் ஆபீஸிலோ வனத்துறையிலோ கேட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டுவார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ரோட்டில் நடக்கக் கூடாது, பைக்கிலும் போகக் கூடாது, பஸ் வரும்வரை நில்லுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் யானை இல்லை என்று அர்த்தமும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ரோட்டில் எதிரே நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், நூறு மீட்டர் இருக்கட்டும். ஹார்ன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், மெல்லப் பின்னால் எடுங்கள். கூட்டம் கடந்துவிட்டது என்று உடனே கிளம்பவும் கூடாது, குட்டியோ பின்தங்கிய ஒன்றோ வரும். ராத்திரி வீட்டுக்கு வெளியே சத்தம் கேட்டால் கதவைத் திறந்து டார்ச் அடிப்பதுதான் புதிதாக வந்தவர்கள் செய்கிற காரியம். அதைச் செய்யாதீர்கள். அந்தச் சுவரிலிருந்து தள்ளி எதிர்ப்பக்க அறைக்குப் போய், வனத்துறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் செய்யுங்கள்.

சிறு குழந்தை இருக்கிறது. சிறுத்தை பயம் நிஜமா?

நிஜம். 2025-இல் சிறுவர்களைத் தாக்கிய சம்பவங்கள் நடந்த பிறகு எல்லா எஸ்டேட்டிலும் கவனம் கூடியிருக்கிறது. பெரியவர்களைச் சிறுத்தை பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் போகும். குனிந்து உட்கார்ந்திருக்கும் உருவமும் சின்ன உருவமும்தான் அதற்கு இரையாகத் தெரியும். மாலை ஐந்தரைக்கு மேல் குழந்தை வாசலில் தனியாக விளையாடக் கூடாது. தேயிலைச் செடி வாசலை ஒட்டி இருந்தால் நடுவில் இருக்கும் புதரை வெட்டச் சொல்லி எஸ்டேட்டில் கேளுங்கள், வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். கோழிக் கழிவை வீட்டுக்குப் பின்னால் வீசினால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாமல், குனியாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தம் போட்டபடி பின்வாங்குங்கள்.

கரடிக்கு வேறு முறை. அது எதிர்பாராமல் ஆளை முட்டிக்கொண்டால்தான் பாயும். விடியலிலும் அந்தியிலும், பலாப்பழக் காலத்தில் இன்னும் கூடுதலாக, பேசிக்கொண்டே நடங்கள். காட்டு மாடு தேயிலைக்குள் நின்று மேய்வதைத் தினமும் பார்ப்பீர்கள். சாதுவாக இருக்கிறதே என்று கிட்டே போக வேண்டாம்.

அட்டை?

மழைக்காலம் முழுக்க. பேண்ட் நுனியைக் கெட்டி நெசவு அட்டை சாக்ஸுக்குள் விட்டு மேலே கட்டுங்கள். சாதாரண சாக்ஸ் கண்ணி வழியே நுழையும். சாக்ஸின் மேல் புகையிலைத் தண்ணீரோ வேப்பெண்ணெயோ தடவுவது இங்குள்ள வழக்கம். கடித்துவிட்டால் தீக்குச்சி, உப்பு என்று போகாமல் மெல்லிய வாய்ப்பக்கம் நகத்தை விட்டு வழித்து எடுங்கள். உறையாமல் இருக்க ஒரு சத்தை அது விட்டுவிட்டுப் போவதால் ரத்தம் மணிக்கணக்கில் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள். சொறிந்தால்தான் புண்ணாகும்.

ஆஸ்பத்திரி வசதி எப்படி?

டவுனில் அரசு மருத்துவமனை இருக்கிறது, எஸ்டேட்டுகளுக்கு அவர்களுடைய டிஸ்பென்சரி. அதற்கு மேல் தேவை என்றால் பொள்ளாச்சி, இல்லையென்றால் கோவை. 108 வந்து உங்களை ஏற்றி 40 வளைவும் இறங்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள். நெஞ்சு வலியை ‘கேஸ்’ என்று விடியும்வரை பார்க்கும் பழக்கத்தைக் கீழேயே விட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவத் தேதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே இறங்கிவிடுவது நல்லது, மழைக்காலமென்றால் இன்னும் முன்பே. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வாங்கி வையுங்கள்.

காய்ச்சல் நான்கைந்து நாள் விடாமல் இருந்தால் இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் இருக்கும் நுண்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள், உரிய மருந்துக்குச் சீக்கிரம் கேட்கும், விட்டால் சிக்கல். பாம்பு கடித்தால் கட்டாமல், கீறாமல், கடித்த காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரிப்பது. தேயிலையில் இருக்கும் குழி விரியனுக்கு அது சரிவராது, கடிபட்டவரைக் கண்காணிப்பில் வைத்து வேறு சிகிச்சை கொடுப்பார்கள். அதனால் பாம்பின் நிறம், தலை வடிவம் சொல்ல முடிந்தால் உதவும். பிடித்துக்கொண்டு போக வேண்டாம்.

அக்கம்பக்கம் எப்படிப் பழகுவார்கள்?

திருநெல்வேலி, ராமநாதபுரத்திலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்தவர்கள், சேலத்துக்காரர்கள், மலையாளிகள், நம்ம பொள்ளாச்சி உடுமலைப் பக்கத்து ஆட்கள், இப்போது அசாம், ஜார்கண்ட் தொழிலாளர்கள் என்று எல்லோரும் கலந்த ஊர். ‘வாங்க, போங்க’ என்றால் எங்கும் செல்லும். கொழுந்து எடுக்கப் போகும் அக்காமார் காலை ஏழு மணிக்குச் சொல்லும் யானைச் செய்தி டிவியில் வருவதற்கு முன்னால் வரும், அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் முதல் மாதச் சம்பளப் பட்டியலில் மலைப்படி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போகும்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால்?

வருவார்கள், அதுவும் பள்ளி லீவில் ஒரே நேரத்தில். வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லி முந்தின நாளே போன் செய்யுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலக்குடி வழியாகத் திரும்பப் போகிறோம் என்றால் மளுக்கப்பாறைக் காட்டு ரோடு இரவில் அடைபடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆற்றில் குளிக்கப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். கூழாங்கல் ஆற்றில் முழங்கால் தண்ணீர் தெரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் ஆழம் இருக்கும், பாறையில் பாசி வழுக்கும், மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். 2023 அக்டோபரில் கோவைக் கல்லூரி மாணவர்கள் 5 பேர் ஷோலையார் எஸ்டேட் பக்கம் மூழ்கி இறந்தார்கள். வந்தவர்கள் கால் நனைத்தே தீருவோம் என்றால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்கட்டும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும்.